212 பேரிடம் கேட்டாகிவிட்டது, இனி என்ன செய்வது?

இராமநாதபுரம் கடற்கரையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருக்கு வயது 34. மண்டபம் பக்கத்தில் இறாலும் கணவாயும் பதப்படுத்தி ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் மனிதவள அலுவலர். வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாக பிஎச்.டி. செய்கிறார், இது நான்காம் ஆண்டு. கடல் உணவு நிறுவனங்களில் மனிதவள நடைமுறைகள் நிறுவனத்தின் செயல்திறனை எப்படிப் பாதிக்கின்றன என்பது தலைப்பு. தொண்டி முதல் கீழக்கரை வரை 11 நிறுவனங்களை எடுத்துக்கொண்டார். எல்லாவற்றிலும் சேர்த்து ஆயிரம் பேர் அளவில் வேலை செய்கிறார்கள். 384 பேரிடம் வினாப்பட்டியல் வாங்கத் திட்டமிட்டு, 212 கிடைத்திருக்கிறது. தாளின் முதல் பகுதியில் பயிற்சி, ஊக்கத்தொகை, பிஎஃப், குறைதீர்ப்பு பற்றிய வாக்கியங்கள். இரண்டாம் பகுதியில் ‘எங்கள் நிறுவனம் போட்டியாளர்களைவிட நன்றாகச் செயல்படுகிறது’ போன்ற வாக்கியங்கள். எல்லாமே ‘முற்றிலும் மறுக்கிறேன்’ என்பதில் தொடங்கி ‘முற்றிலும் ஒப்புக்கொள்கிறேன்’ வரையிலான ஐந்து கட்டங்கள்.

மே மாதம் வேலை குறைவு என்பதால் நிறுவனங்கள் அப்போது அனுமதித்தன. படிக்கச் சிரமப்பட்ட பெண்களுக்கு சூப்பர்வைசர்களே வாசித்துக் காட்டி ‘டிக்’ போட்டுக் கொடுத்தார்கள். கணக்குப் போட்டால் க்ரான்பாக் ஆல்ஃபா (பதில்கள் தங்களுக்குள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண்) 0.91, நடைமுறைகளுக்கும் செயல்திறனுக்கும் இடையிலான ஒட்டுறவு எண் (1-ஐ நெருங்க நெருங்கத் தொடர்பு வலுவானது) 0.62. நெறியாளருக்குத் திருப்தி. ஆனால் ஆலோசனைக் குழுவில் ஒருவர், “நல்ல பயிற்சியால் கம்பெனி வளர்ந்ததா, வளர்ந்த கம்பெனி பயிற்சிக்குச் செலவு பண்ணுதா?” என்று கேட்டிருக்கிறார். வாசகிக்குப் பதில் தெரியவில்லை. இதற்கிடையில் அவருடைய முதலாளி, தன் கம்பெனி ஆட்கள் நிரப்பிய தாள்களைக் காட்டச் சொல்கிறார். ஒரு ப்ராஜெக்ட் சென்டர், மீதி 172 தாள்களை ‘முடித்துத் தருகிறோம்’ என்று விலை சொல்லியிருக்கிறது.

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்ட வரிசையில் நான் பதில் சொல்லப் போவதில்லை. புள்ளியியல் கேள்விகள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளும். முதலாளி கேட்கும் தாள்களும் ப்ராஜெக்ட் சென்டர் சொன்ன விலையும் பொறுக்காது. அந்த இரண்டையும் முதலில் முடித்துவிடுவோம்.

முதலாளி கேட்கும் தாள்கள்

கொடுக்காதீர்கள். மறுயோசனையே வேண்டாம்.

உங்கள் கம்பெனியின் 41 தாள்களிலும் நிரப்பியவரின் டோக்கன் எண் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பெண்கள் கிலோ கணக்கில் கூலி வாங்குகிறவர்கள், பாதிப் பேர் காண்ட்ராக்டர் வழியாக வருகிறவர்கள் என்றும் நீங்களே சொல்கிறீர்கள். ‘ஊக்கத்தொகை நியாயமாகக் கிடைக்கிறது’ என்ற வரியில் ‘முற்றிலும் மறுக்கிறேன்’ என்று குறித்தவரின் எண் வெளியே போனால், அவரை யாரும் வேலையை விட்டு நீக்க வேண்டியதில்லை. “நாளைக்கு நீ வேன்ல ஏற வேண்டாம்” என்று காண்ட்ராக்டர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். யார் சொன்னது என்று வெளியே தெரியாது என நீங்கள் சொன்னதை நம்பித்தான் அவர்கள் வாய் திறந்தார்கள்.

‘கம்பெனி நேரத்தில், கம்பெனி ஆட்களிடம் வாங்கியதால் தாள்களும் கம்பெனிக்குத்தானே சொந்தம்?’ என்று கேட்டிருக்கிறீர்கள். இது தவறான எண்ணம். உள்ளே வந்து கேள்வி கேட்க அவர் அனுமதி கொடுத்தார். பதில்கள் மீது அவருக்கு உரிமை வந்துவிடாது. நீங்கள் அந்தத் தாள்களை வாங்கியது ஆய்வாளராக, ஒரு வாக்குறுதியின் பேரில். நீங்கள் அவற்றை எக்ஸெலில் ஏற்றியும் விட்டீர்கள். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படையே, எந்த நோக்கம் சொல்லிச் சம்மதம் வாங்கினோமோ அதற்கு மட்டுமே தகவலைப் பயன்படுத்த வேண்டும் என்பதுதான்.

இந்த வாரமே செய்ய வேண்டியவை: எக்ஸெலில் டோக்கன் எண்ணை நீக்கிவிட்டு வேறு குறியீடு கொடுங்கள். எந்தக் குறியீடு யாருடையது என்ற பட்டியலைத் தனிக் கோப்பாக்கி, கம்பெனி கம்ப்யூட்டரில் இல்லாமல் வேறு இடத்தில் வையுங்கள். மூலத் தாள்களை உறையில் இட்டு ஒட்டி, நெறியாளர் வழியாகத் துறையின் பொறுப்பில் ஒப்படைத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒரு கடிதம் வாங்குங்கள். பிறகு முதலாளியிடம், “தாள்கள் டிபார்ட்மென்ட்ல இருக்கு சார், தனித்தனி ஆளோட பதிலை நான் காட்டக் கூடாது, மொத்தமா என்ன தெரிஞ்சுதுன்னு ஒரு அறிக்கை தர்றேன்” என்று சொன்னால், அது உண்மையாகவும் இருக்கும், மரியாதையாகவும் இருக்கும். அந்த அறிக்கையிலும் பத்துப் பேருக்குக் குறைவான எந்தப் பிரிவையும் தனியாகக் காட்டாதீர்கள். தரம் பார்க்கும் பிரிவில் மூன்றே பேர் இருந்தால், அந்த மூவரின் சராசரியிலிருந்தே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம்.

அவர் கோபப்படக்கூடும். படிப்புக்கு என்ஓசி (தடையில்லாச் சான்று) கொடுத்தவர் அவர். சம்பளம் கொடுப்பவரும் அவர். அந்த ஆபத்தை நான் சிறிதாக்கிச் சொல்ல மாட்டேன். அதனால்தான் இந்தப் பேச்சை நீங்கள் தனியாக நடத்த வேண்டாம் என்கிறேன். நெறியாளரோ துறைத் தலைவரோ எழுத்தில் ஒரு விளக்கம் அனுப்பட்டும். கடைசியில் ஒன்றும் சரிவரவில்லை என்றால் அந்த 41 தாள்களை ஆய்விலிருந்தே எடுத்துவிடலாம். கைமாற்றுவதைவிட அது எவ்வளவோ மேல்.

172 தாள்களை ‘முடித்துத் தரும்’ இடம்

இது பொய்த் தரவு. ‘எல்லாரும் செய்கிறார்கள்’ என்று உங்கள் தோழி சொன்னது உண்மையாகவே இருந்தாலும், பட்டம் உங்கள் பெயரில்தான் வரும்; பின்னாளில் வெளிவந்தால் பறிபோவதும் உங்கள் பட்டம்தான். கணக்குப் போடத் தெரியவில்லை என்றால் ஒருவரிடம் கற்றுக்கொள்ளலாம், உதவியும் வாங்கலாம், நன்றியுரையில் அதைச் சொல்லலாம். ஜமோவி போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. தாளை நிரப்ப மட்டும் யாருக்கும் காசு கொடுக்காதீர்கள்.

தவிர, அந்த 172 உங்களுக்குத் தேவையே இல்லை. 384 என்ற எண் நம் பல்கலைக்கழகங்களில் ஏறக்குறைய மந்திரமாகிவிட்டது. எத்தனை பேரிடம் கேட்டால் போதும் என்று காட்ட 1970-இல் கிரெய்சி, மார்கன் இருவரும் வெளியிட்ட அட்டவணையில், மொத்தத் தொகை பத்து லட்சம் பேராக இருக்கும்போது வரும் எண் அது. மொத்தமே ஆயிரம் பேர் என்றால் அதே அட்டவணை 278 என்றுதான் சொல்கிறது. அதுவும் ஆயிரம் பேரிலிருந்து குலுக்கல் முறையில் ஆட்களைத் தேர்ந்தெடுத்தால் மட்டுமே செல்லும். அன்றைக்கு யார் வேலைக்கு வந்திருந்தார்களோ அவர்களிடம் வாங்கிய தாள்களுக்கு அந்த அட்டவணை எந்த உத்தரவாதமும் தராது.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. உங்கள் கேள்வி நிறுவனங்களைப் பற்றியது. எந்த நிறுவனம் நன்றாகச் செயல்படுகிறது, ஏன் என்பது. நிறுவனங்கள் 11. தொழிலாளர்கள் 212 ஆனாலும் 384 ஆனாலும் ஒப்பிடுவதற்கு உங்களிடம் இருப்பவை 11 நிறுவனங்கள்தான். ஒரே கம்பெனியின் 41 பேரும் அந்த ஒரு கம்பெனியைப் பற்றித்தான் சொல்கிறார்கள். 212 தனித்தனி நிறுவனங்கள் இருப்பதுபோல் கணக்குப் போட்டதால்தான் எல்லாமே ‘புள்ளியியல் ரீதியாக முக்கியமானது’ என்று வந்திருக்கிறது.

0.62 ஏன் சந்தேகத்தைத் தர வேண்டும்

உங்களுக்கு மகிழ்ச்சி தந்த எண் இது. எனக்கு இதைப் பார்த்ததும்தான் கவலை வந்தது.

2006-இல் ஜேம்ஸ் கோம்ஸும் உடனாய்வாளர்களும், உயர்திறன் மனிதவள நடைமுறைகள் பற்றிய 92 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். நடைமுறைகளுக்கும் நிறுவனச் செயல்திறனுக்கும் இடையே, அளவைப் பிழைகளைத் திருத்திய பிறகு, அவர்கள் கண்ட தொடர்பு 0.20 அளவுதான். மண்டபம் கரையில் மட்டும் அது மூன்று மடங்கு வலுவாக இருக்கக் காரணம் என்ன? நடைமுறை பற்றியும் செயல்திறன் பற்றியும் ஒரே ஆளிடம், ஒரே தாளில், ஒரே நாளில் கேட்டிருக்கிறீர்கள். கம்பெனி மேல் பிரியமாக இருக்கிறவர் இரண்டு பகுதியிலும் மேலே குறிப்பார். மனக்கசப்பில் இருக்கிறவர் இரண்டிலும் கீழே குறிப்பார். அந்த மனநிலைதான் உங்கள் 0.62-இல் பெரும்பகுதியாக இருக்கும். எல்லாப் பதில்களுக்கும் பின்னால் ஒரே காரணிதான் இருக்கிறதா என்று பார்க்கும் ஹார்மன் சோதனை ஒன்றைப் போட்டு ‘இந்தக் கோளாறு இல்லை’ என்று எழுதிவிடலாம் என நெறியாளர் சொன்னதாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அந்தச் சோதனை மிகவும் பலவீனமானது. அதில் தேறிவிட்டால் கோளாறு இல்லை என்று ஆகாது. அதோடு, இறால் உரிக்கும் ஒரு பெண்ணுக்குத் தன் கம்பெனி ‘போட்டியாளர்களைவிட’ எப்படி இருக்கிறது என்று எப்படித் தெரியும்? அவருக்குத் தெரியாததைக் கேட்டிருக்கிறோம்.

ஆல்ஃபா 0.91 விஷயத்துக்கு வருவோம். பதில்கள் தங்களுக்குள் ஒத்துப்போகின்றன என்பதை மட்டுமே ஆல்ஃபா சொல்லும். அவை உண்மையா என்பதைச் சொல்லாது. கோளாறான தராசில் எத்தனை முறை வைத்தாலும் மீன் அதே தப்பு எடையைத்தான் காட்டும். உங்கள் தாள்களில் வாசித்துக் காட்டியவரும் சூப்பர்வைசர், டிக் போட்டவரும் சூப்பர்வைசர். “பயிற்சி நல்லாத்தானே குடுக்குறாங்க, என்னக்கா?” என்று அவர் கேட்டால் அந்த அக்கா வேறென்ன சொல்வார்? ஒரே கை வரிசையாக நான்கு, நான்கு என்று குறித்துக்கொண்டே போனால் ஆல்ஃபா தானாகவே உயரும். துறையில் ஒப்படைப்பதற்கு முன் 212 தாள்களையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். ஒரே பேனா, ஒரே சாய்வு, மேலிருந்து கீழே நேர்கோடாக டிக் விழுந்த தாள்களைத் தனியே எண்ணி, அந்த எண்ணிக்கையை ஆய்வேட்டில் மறைக்காமல் எழுதுங்கள். தேர்வாளர்கள் அதற்காக உங்களைக் குறைத்து மதிக்க மாட்டார்கள்.

பிஎஃப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் பிஎஃப் சட்டப்படியான கடமை. ‘எங்கள் நிறுவனம் பிஎஃப் வசதி அளிக்கிறது’ என்பதற்கு ஐந்து கட்டங்கள் எதற்கு? பிடித்தம் உண்டா, இல்லையா; காண்ட்ராக்ட் ஆட்களுக்கும் உண்டா, இல்லையா என்று மட்டும் கேளுங்கள். முதலாளி தரும் சலுகைபோல் அதை வினாப்பட்டியலில் வைத்தால், நிரப்புகிற பெண்களுக்கும் அது சலுகை என்றே தோன்றிவிடும்.

இனி குழு உறுப்பினரின் கேள்வி. அவர் உங்களை மடக்கவில்லை. இந்தத் துறையின் மையமான கேள்வியே அதுதான். 1995-இல் அமெரிக்காவில் மார்க் ஹியூஸ்லிட் ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவான நிறுவனங்களை ஆராய்ந்து, நல்ல மனிதவள நடைமுறைகள் உள்ள இடங்களில் ஆட்கள் விலகுவது குறைவு, ஒரு தொழிலாளிக்கான விற்பனை அதிகம் என்று காட்டினார். அதன் பிறகு உலகமெங்கும் இதே மாதிரி ஆய்வுகள் பெருகின. 2003-இல் டேவிட் கெஸ்ட் குழுவினர் பிரிட்டனில் 366 நிறுவனங்களைப் பார்த்தபோது, முதலில் அதே தொடர்பு தெரிந்தது. முந்தைய ஆண்டுகளின் செயல்திறனையும் கணக்கில் சேர்த்தவுடன் அது மறைந்துவிட்டது. ஏற்கெனவே நன்றாக ஓடிக்கொண்டிருந்த நிறுவனங்கள்தான் பயிற்சிக்கும் ஊக்கத்தொகைக்கும் செலவழித்துக்கொண்டிருந்தன என்ற சாத்தியத்தை அந்த முடிவு திறந்து வைத்தது. ஒரே ஒரு நாளில் எடுத்த வினாப்பட்டியலால் எது முந்தியது என்று சொல்ல முடியாது. எத்தனை பேரிடம் வாங்கினாலும் முடியாது.

மே மாதம் உள்ளே இருந்தவர்கள் யார்?

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் இறங்காது. இறாலும் கணவாயும் நம்பியிருக்கும் கம்பெனிகளில் அப்போது நிரந்தர ஆட்களும் கொஞ்சம் பேரும்தான் இருப்பார்கள். சீசனில் வேனில் வந்து இறங்கும் பெண்கள் வீட்டில் இருப்பார்கள், அல்லது வேறு கூலிக்குப் போயிருப்பார்கள். நாட்டுப்படகுகளுக்குத் தடையில்லை என்பதால், வலையில் வரும் நண்டை வாங்கிச் சதை எடுக்கும் கம்பெனிகள் அந்த மாதமும் ஓரளவு ஓடும். உங்கள் 11-இல் நான்கு நண்டுக் கம்பெனிகள் என்கிறீர்கள். அப்படியென்றால் ஒரு பக்கம் வேலை நடக்கும் கம்பெனியின் ஆட்கள், இன்னொரு பக்கம் பாதி மூடிய கம்பெனியில் எஞ்சிய ஆட்கள். இந்த இருவரின் பதிலையும் ஒன்றாகக் கொட்டிச் சராசரி எடுத்திருக்கிறோம். பிடிக்காமல் வேலையை விட்டுப் போனவர்களோ பட்டியலிலேயே இல்லை. மனிதவள நடைமுறை பற்றி அதிகம் சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான் என்பது என் எண்ணம்.

செயல்திறனுக்கும் இதே கதைதான். பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுகள் வாரத்தில் எல்லா நாளும் போவதில்லை. இலங்கைக் கடற்படை மீனவர்களைக் கைது செய்தால் வேலைநிறுத்தம். வடகிழக்குப் பருவத்தில் புயல் எச்சரிக்கை வந்தால் கரையிலேயே நிற்க வேண்டியதுதான். இவை ஒவ்வொன்றிலும் வரத்து விழும். வரத்து விழுந்தால் டன் கணக்கும் விற்பனையும் விழும். எந்த மனிதவள அலுவலராலும் அதைத் தடுக்க முடியாது. ஆகவே ஏற்றுமதி டன்னையோ லாபத்தையோ செயல்திறன் என்று எடுத்துக்கொண்டால், நீங்கள் பெரும்பாலும் கடலைத்தான் அளந்துகொண்டிருப்பீர்கள்.

உங்கள் மேஜையில் இருக்கும் பதிவேடுகள்

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: ‘டேபிள் வாரியாக உரித்த கணக்கும் வருகைப் பதிவேடும் ஐந்து வருடத்துக்கு என்னிடம் இருக்கிறது, ஆனால் அது ஆய்வுக்கு உதவாது.’ அதுதான் உதவும். இந்தத் துறையில் பலர் ஏங்கும் தரவு அது.

1997-இல் கேசி இச்னியோவ்ஸ்கி, கேத்ரின் ஷா, ஜியோவானா பிரென்னூஷி மூவரும் அமெரிக்க எஃகு ஆலைகளில் ஒரே வகையான வேலை செய்யும் 36 உற்பத்தி வரிசைகளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ‘செயல்திறன் எப்படி?’ என்று யாரையும் கேட்கவில்லை. ஓட வேண்டிய நேரத்தில் வரிசை எவ்வளவு நேரம் உண்மையில் ஓடியது என்ற மாதாந்தரக் கணக்கைப் பார்த்தார்கள். ஒரே ஒரு நடைமுறையை மட்டும் புகுத்தினால் பெரிய பலன் இல்லை, பல நடைமுறைகள் சேர்ந்து வரும்போதுதான் பலன் தெரிகிறது என்று கண்டார்கள். தொழில் ஒன்றாக, வேலை ஒன்றாக, அளவை கையில் தொடக்கூடியதாக இருந்ததால் அந்த ஆய்வு இன்றும் நிற்கிறது.

நீங்களும் அப்படிக் குறுக்கிக்கொள்ளுங்கள். உங்கள் கம்பெனியில், இறால் உரிக்கும் டேபிள்கள் மட்டும். ஒரு டேபிளுக்கு ஒரு நாளில் வந்த இறால் எத்தனை கிலோ, உரித்த பிறகு சதை எத்தனை கிலோ, தரம் பார்க்கும் பிரிவு திருப்பி அனுப்பியது எவ்வளவு, யார் வந்தார், யார் வரவில்லை. இறாலின் இனத்தையும் கவுண்டையும் (எடைக்கு எத்தனை இறால் என்ற கணக்கு) கட்டாயம் சேர்த்துக் குறியுங்கள். பெரிய இறாலையும் பொடி இறாலையும் ஒப்பிட்டால் எல்லாம் குழம்பிவிடும். வரத்து எவ்வளவு என்பதைக் கணக்கில் வைத்து, வந்த சரக்கில் டேபிள் என்ன செய்தது என்று பார்க்கும்போது, கடலின் பங்கு பெருமளவு விலகி, வேலையின் பங்கு கண்ணுக்குத் தெரியும்.

அடுத்தது, ஜூன் முதல் உங்கள் கம்பெனியில் புதிய சுகாதார, உரிப்புப் பயிற்சியும் வருகை போனஸும் வரப் போவதாகச் சொல்கிறீர்கள். எல்லாருக்கும் ஒரே நாளில் பயிற்சி தொடங்க முடியாது. பயிற்சி கொடுப்பவர் ஒருவர்தான். அப்படியானால் எந்த டேபிளுக்கு முதலில், எந்த டேபிளுக்கு எட்டு வாரம் கழித்து என்பதைத் திருவுளச் சீட்டுப் போட்டு முடிவு செய்யுங்கள். சூப்பர்வைசர் தனக்கு வேண்டிய, ஏற்கெனவே நன்றாகச் செய்யும் டேபிளை முதலில் அனுப்பிவிட்டால், குழு உறுப்பினரின் கேள்வி அப்படியே திரும்பி வந்து நிற்கும். சீட்டுப் போட்டால் அதற்கு வழியில்லை. முதலில் பயிற்சி பெற்ற டேபிள்கள் பயிற்சிக்கு முன்னும் பின்னும் எவ்வளவு மாறின, அதே வாரங்களில் காத்திருந்த டேபிள்கள் எவ்வளவு மாறின, இந்த இரண்டுக்கும் வித்தியாசம் என்ன என்பதுதான் உங்கள் விடை. நம் நாட்டிலேயே இதற்கு முன்னுதாரணம் உண்டு. மும்பைக்கு அருகே பருத்தி நெசவாலைகளில் நிக்கோலஸ் ப்ளூமும் உடனாய்வாளர்களும் சீட்டுப் போடுவதுபோல் சில ஆலைகளைத் தேர்ந்து, அவற்றில் நிர்வாக நடைமுறைகளைச் சீர்படுத்தி, மற்றவற்றோடு ஒப்பிட்டார்கள். 2013-இல் வெளியான அந்த ஆய்வின்படி, முதல் ஆண்டில் உற்பத்தித்திறன் 17 விழுக்காடு உயர்ந்தது.

வருகை போனஸைச் சீட்டில் சேர்க்காதீர்கள். பக்கத்து டேபிளுக்குக் காசு, எனக்கு இல்லை என்றால் மனம் கசக்கும், அந்தக் கசப்பு உங்கள் கணக்கிலும் புகும். போனஸ் எல்லாருக்கும் ஒரே நாளில் வரட்டும். பிஎஃப், இஎஸ்ஐ, கையுறை, கழிப்பறை இடைவேளை போன்றவை சோதனைக்குரிய பொருட்களே அல்ல. அவை யாருக்கும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போகக் கூடாது. பயிற்சி பெற்ற அக்கா மதியச் சாப்பாட்டில் மற்ற டேபிள்காரருக்குச் சொல்லித்தருவார், அதனால் வித்தியாசம் உண்மையைவிடக் குறைவாகத் தெரியலாம். பரவாயில்லை, அதையும் எழுதிவிடுங்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். தாள்கள் முதலாளிக்குச் சொந்தம் இல்லை என்று சொன்னேன். பதிவேடுகள் அவருக்குச் சொந்தம். மனிதவள அலுவலராக அவை உங்கள் கைக்கு வருகின்றன என்பதற்காக ஆய்வாளராக எடுத்துப் பயன்படுத்திவிட முடியாது. எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பெயரும் டோக்கன் எண்ணும் நீக்கிய பிறகே பகுப்பாய்வு, கம்பெனியின் பெயர் வெளிவராது, முடிவு எப்படி வந்தாலும் ஆய்வேட்டில் இடம்பெறும் என்ற மூன்றும் அதில் இருக்கட்டும். மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். பயிற்சியால் பலன் இல்லை என்று வந்தாலும் அது முழுமையான ஆய்வுதான்.

எண்களோடு நிறுத்தாமல் பேட்டிகளும் எடுங்கள். நிறுவனம் காகிதத்தில் வைத்திருக்கும் நடைமுறை, சூப்பர்வைசர் தளத்தில் உண்மையில் செய்வது, தொழிலாளி உணர்வது மூன்றும் ஒன்றல்ல. முதல் இரண்டை அலுவலகத்திலும் தளத்திலும் பார்க்கலாம். மூன்றாவதை நீங்கள் நேரில் கேட்டுப் பயனில்லை. அவர்களுக்கு நீங்கள் ‘மேடம்’. உங்களுக்கு எது பிடிக்குமோ அதைத்தான் சொல்வார்கள். கம்பெனியோடு சம்பந்தமில்லாத ஒரு பெண் ஆய்வு மாணவி, வேலை முடிந்த பிறகு, கம்பெனிக்கு வெளியே, அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசட்டும். தாளை வாசித்துக் காட்ட வேண்டியிருந்தால் அவரே வாசிக்கட்டும். வேலையை விட்டுப் போனவர்களில் நாலைந்து பேரையாவது தேடிப் பிடித்துப் பேச வேண்டும்.

அனுமதி கிடைக்காவிட்டால்

அப்போதும் வழி இருக்கிறது. 11 நிறுவனங்களையும் 11 தனி வரலாறுகளாக எடுத்து, அவற்றில் மிகவும் வேறுபட்ட நான்கைந்தை ஆழமாக ஒப்பிடும் ஆய்வாக மாற்றலாம். 212 தாள்களை ஒரு முன்னோட்டமாக மட்டும் காட்டலாம். ‘தாக்கம்’ என்ற சொல் தலைப்பிலிருந்து போய்விடும். ‘தொழிலாளர் பார்வையில் மனிதவள நடைமுறைகள்’ என்பதுபோல அடக்கமான தலைப்பு வரும். பதிவேட்டு ஆய்வைவிட இது வலுக் குறைந்தது என்பதே என் கருத்து. ஆனால் இருக்கிற 0.62-ஐ வைத்துக்கொண்டு ‘பயிற்சியால் செயல்திறன் உயர்கிறது’ என்று எழுதுவதைவிட நேர்மையானது.

நான்காம் ஆண்டில் திசை மாறினால் காலம் போதுமா என்று பயப்படுகிறீர்கள். யுஜிசியின் 2022 பிஎச்.டி. விதிகளின்படி ஆறு ஆண்டு வரை அவகாசம். மறுபதிவு செய்தால் மேலும் இரண்டு. பெண்களுக்கு அதற்கு மேலும் இரண்டு ஆண்டு தளர்வு தர இடமுண்டு, மொத்தம் பத்தைத் தாண்டக் கூடாது. உங்கள் பல்கலைக்கழகம் இதை எப்படி நடைமுறைப்படுத்துகிறது, தலைப்பைத் திருத்த எந்தப் படிவம் என்பதை ஆராய்ச்சிப் பிரிவு அலுவலகத்தில் நேரில் கேட்டுவிடுங்கள். ஒவ்வொரு பருவமும் ஆலோசனைக் குழு முன் நிற்கத்தான் வேண்டும். அடுத்த அமர்வுக்கு முன்பே, கேள்வி கேட்ட அந்த உறுப்பினரை நெறியாளரோடு சேர்ந்து போய்ப் பாருங்கள். ஒரு பக்கத்தில் மூன்று விஷயம் எழுதி எடுத்துப் போங்கள்: 212 தாள்களில் எத்தனை சூப்பர்வைசர் கையால் நிரம்பியவை, டேபிள் பதிவேட்டில் என்னென்ன இருக்கிறது, பயிற்சிக்கான சீட்டை எந்தத் தேதியில் போடலாம். தடைக்காலம் முடிந்து வரத்து தொடங்கும் முன், குறைந்தது முந்தைய ஒரு சீசனின் கணக்கையாவது எக்ஸெலில் ஏற்றி வைத்துவிடுங்கள். ஜூன் 15-க்குப் பிறகு உங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது.